இரண்டாவதாக ஓடி வந்தவளுக்கு

இன்று காலை பள்ளி மைதானத்தில் ஓட்டக் கோடுகளைப் புதிதாகப் போட்டார்கள். ஈரத் தரையில் சுண்ணாம்புத் தூள் விழுந்ததும் அந்தக் காரமான வாசனை மூக்கில் ஏறியது. உனக்கு உடனே தும்மல் வந்துவிடும், அதை முகர்ந்தால். கழுத்தில் விசிலோடு நின்றிருந்த நான், பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்காதபடி திரும்பிக்கொண்டேன். நீ போய் இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. போன வாரம் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்கு ஆறாது.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் நாம் படித்த பள்ளிக்கு மைதானமே கிடையாது. பிரார்த்தனைக்கு நிற்கிற சிமெண்ட் முற்றம்தான் எல்லாவற்றுக்கும். நாம் ஓடிப் பழகியது ரயில் பாதையை ஒட்டிய ரோட்டில், பஸ்கள் கிளம்புவதற்கு முன்னால். பால் வண்டிக்காரர் தினமும் கேட்பார், “யாரும்மா தொரத்துறாங்க?” நீ நிற்காமலே கத்துவாய், “எங்க மாமியாரு!” வயிற்றில் டீயும் பன்னும்தான் இருக்கும். கணக்கு வாத்தியாரேதான் விளையாட்டுக்கும் வாத்தியார். கையில் ஸ்டாப்வாட்ச்சை வைத்துக்கொண்டு, நீ ஓடுவதைப் பார்த்தபடியே அதை அமுக்க மறந்துவிடுவார்.

மாநில அளவில் தேர்வு நடந்த அன்று உன் ஷூ கிழிந்திருந்தது. என்னுடையதைப் போட்டுக்கொண்டாய். பெரிதாக இருந்ததால் முன்பக்கம் துணியை அடைத்துக் கட்டினாய். எண்ணூறு மீட்டர். முதல் இரண்டு பேர் தேசியப் போட்டிக்குப் போகலாம். இரண்டாவது சுற்றின் வளைவில் நீ ஒவ்வொருத்தியாகத் தாண்டியதை நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். கத்திக் கத்தி எனக்குக் குரல் போய்விட்டது. நீ இரண்டாவதாக வந்தாய். கரையோர மாவட்டத்து விளையாட்டு விடுதியிலிருந்து வந்த உயரமான பெண் ஒருத்தி, நன்றாகப் பின்தங்கி மூன்றாவதாக வந்தாள்.

சாயங்காலம் பெயர்களை அறிவித்தார்கள். முதலாவது பெண், மூன்றாவது பெண். உன் பெயர் இல்லை.

வாத்தியார் ஓடிப்போய்க் கேட்டார், நாம் பின்னால் நின்றோம். தேர்வுக் குழுவில் பெரியவராக இருந்த அந்த மனிதர், பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே கன்னடத்தில் சொன்னார். குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. “கரையோரத்துப் பொண்ணுங்களுக்கு அது மண்ணுலயே இருக்கு மாஸ்டர். குடகுல இருக்கு. உங்க சந்துலருந்து இதுவரைக்கும் யாராவது வந்திருக்காங்களா? இன்னிக்கு ஏதோ ஓடிட்டா. அங்க போனா உக்காந்துடுவா. ரத்தம்னு ஒண்ணு இருக்குல்ல?”

தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புரியாது என்று நினைத்தாரோ என்னவோ. இந்த ஊரில் பிறந்த நமக்கா கன்னடம் புரியாது? ஒரு சொல் விடாமல் உள்ளே இறங்கியது.

பஸ்ஸில் நான் அழுதேன். நீ ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாய். காக்ஸ் டவுன் தாண்டியதும் சொன்னாய், “உட்றீ. மண்ணுல இருக்குதாம். நம்ம ஏரியால மண்ணு எங்கடி இருக்கு, எல்லாம் சிமெண்ட்டு.” சொல்லிவிட்டுச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீயும் அதற்குப் பிறகு ஓடவில்லை. பத்தாவது முடிந்ததும் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போனாய். கம்பெனி வேன் கிளம்பிவிட்டால் மட்டும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுவாய். வேனில் இருந்த பெண்கள் கை தட்டுவார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

ஓட்டத்தில் நான் சுமார்தான், உனக்குத் தெரியும். ஆனாலும் உடற்கல்வி படித்தேன். ஆசையால் படிக்கிறேன் என்று வீட்டில் நினைத்தார்கள். ஆசையெல்லாம் இல்லை. என்றைக்காவது ஒருநாள் அந்த ஆள் எதிரே, அவர் பதில் சொல்லியே தீர வேண்டிய இடத்தில், நிற்க வேண்டும். அந்த வன்மம்தான் என்னைப் படிக்கவைத்தது. காய்ச்சலில் நீ போன பிறகு அது இன்னும் இறுகியது.

போன வாரம் அந்த நாள் வந்தது. எல்லா மாவட்டத்து உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் பயிற்சி முகாம். சிறப்புப் பேச்சாளர் அவர். தலை முழுக்க நரைத்து, தோளில் சால்வை. சில பகுதிகளிலிருந்து மட்டும் பள்ளி வீரர்கள் வருவது ஏன் என்பதுதான் தலைப்பு. திரையில் கர்நாடக வரைபடம். வீரர்கள் வந்த இடமெல்லாம் சிவப்புப் புள்ளி. கரையோரம் சிவந்து கிடந்தது, குடகும் அப்படியே. பெங்களூரில் நம் பக்கம் வெறுமை. “எல்லாம் மண்ணின் குணம்” என்றார். அதே வார்த்தை.

நான் எழுந்தேன். பேச்செல்லாம் கன்னடத்தில்தான் நடந்தது. உனக்கு நம் பேச்சில் சொல்கிறேன்.

“சார், இதே படத்துல விளையாட்டு ஹாஸ்டல் எங்கெங்க இருக்கு, எந்த ஸ்கூலுக்கு கிரவுண்டு இருக்குன்னு புள்ளி வெச்சுக் காட்டுவீங்களா?”

“அது வேற விஷயம்மா.”

“அதான் சார் விஷயமே.”

உன் பெயரைச் சொன்னேன். ஓட்டத்தைச் சொன்னேன். “ரெண்டாவதா வந்தவள விட்டுட்டு மூணாவதா வந்தவள அனுப்புனீங்க. ஞாபகம் இருக்கா?”

அவர் நெற்றியைத் தேய்த்தார். “எத்தனையோ பசங்க. ஞாபகம் இல்லம்மா.”

பொய்யாகத் தெரியவில்லை. அதுதான் என்னை அறுத்தது. உன் வாழ்க்கையைத் திருப்பிப்போட்ட அந்த மாலையின் ஒரு துணுக்குகூட அவரிடம் மிச்சமில்லை.

அப்போது கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். நல்ல உயரம். மங்களூர்ப் பக்கத்துப் பேச்சு. “எனக்கு ஞாபகம் இருக்கு சார். அந்த மூணாவது பொண்ணு நான்தான்.”

இத்தனை வருஷமாக அவளையும் சேர்த்துத்தான் நான் சபித்திருந்தேன்.

“எங்க கிராமத்துல எனக்கு முன்னாடி யாரும் ஓடுனதில்ல சார். எங்கம்மா பீடி சுத்துறவங்க. ஹாஸ்டல்ல முட்டையும் பாலும் கெடைக்கும்னு கொண்டுபோய் விட்டாங்க. அங்க ட்ராக் இருந்தது, கோச் இருந்தாங்க. அவ்வளவும் இருந்தும் அந்தப் பொண்ண என்னால புடிக்க முடியல. அவளுக்கும் அதெல்லாம் கெடைச்சிருந்தா அவ முதுக நான் பாத்திருக்கக்கூட மாட்டேன். தேசியப் போட்டியில நான் கடைசியா வந்தேன். யாரோட எடத்துல நிக்கிறேன்னு எனக்குத் தெரியும் சார்.”

அவர் தண்ணீர் குடித்தார். பாதி சால்வையில் சிந்தியது. யாரோ திரையை அணைத்தார்கள். வயதான மனிதர், எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இனித்தது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

சாப்பாட்டு வேளையில் என்னைத் தேடி வந்தார். “ஹோகலி பிடம்மா” என்றார். போகட்டும், விட்டுவிடு என்கிறார். “எனக்கும் வயசாயிடுச்சு. மனசுல வெச்சுக்காத.” கையை நீட்டினார்.

நான் கை கொடுக்கவில்லை. “வெச்சுக்குவேன் சார். நானும் விட்டுட்டா, அவ ஓடுனதுக்கு சாட்சியே இருக்காது.”

பக்கத்தில் நின்ற கரையோரத்துப் பெண்ணும் கையைக் கட்டிக்கொண்டாள். நீட்டிய கை சற்று நேரம் அப்படியே இருந்தது. பிறகு அவர் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனார்.

நம்முடைய அந்தப் பகுதியிலிருந்து இப்போது என்னிடம் நான்கு பெண்கள் ஓடுகிறார்கள். ஆளுக்கொரு நல்ல ஷூ இருக்கிறது. பயிற்சி முடிந்ததும் முட்டை உண்டு. அதற்காகப் பள்ளி நிர்வாகத்தோடு நான் போட்ட சண்டை கொஞ்சமில்லை. கோபம்தான் சண்டை போட்டது. நான் அதன் கூடவே நின்றேன், அவ்வளவுதான். அது குறையவில்லை. குறையவும் வேண்டாம்.

அடுத்த மாதம் மண்டலப் போட்டி, நான்கு பேரும் ஓடுகிறார்கள். அவருக்கு என் கையாலேயே அழைப்பு எழுதி அனுப்பிவிட்டேன். ஓட்டம் முடியும் இடத்துக்கு நேர் எதிரே, முதல் வரிசையில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.