காலிங் பெல்லுக்கு ஒரு வாரம் லீவு

மார்ச் 4
பெரியப்பா பொடி டப்பாவோடு வந்தார். எதிர்ப்பு சக்திக்காம். பொடி வைத்துப் பேசிவிட்டும் போனார்: "பொண்ணை நேரத்துக்குத் தூங்க வெச்சிருந்தா நுரையீரல்ல கட்டி வந்திருக்குமா?" அக்காவின் புற்றுநோய்க்கு இவர் கண்டுபிடித்த காரணம், தூக்கம்! பொடி முழுவதையும் அவர் செருப்பிலேயே தூவி அனுப்பினேன். செருப்பாவது நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும்.

மார்ச் 11
ஸ்கேன். முதலில் சுருங்கிய கட்டி மறுபடி பெருத்திருக்கிறது. ஊசிக்கு இப்போது மசியவில்லையாம்.

மார்ச் 12
டாக்டர் தூங்குமூஞ்சி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு விளக்கினார். ஊசி, உடம்பின் காவல் செல்களுக்கு இருக்கும் பிரேக்கை எடுத்துவிடும். அவை கட்டியின் மேல் இன்டர்ஃபெரான் என்று ஒன்றைப் பொழியும். அது ஒரு சிக்னல். பட்டதும் கட்டி தன் அடையாளத்தைக் காட்டி மாட்டிக்கொள்ளும். "ஆனா சிக்னல் ஓயாம வந்துட்டே இருந்தா, கட்டிக்குப் பழகிடும்மா. கேடயம் போட்டுக்கும். காவல் செல்லும் களைச்சிடும்." அதனால் சிக்னலைக் கொஞ்ச நாள் அடக்கிவைக்க ஒரு மாத்திரை. இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது, உத்தரவாதம் இல்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

அடக்கவா? எதிரி வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்போது நம் ஆளுக்கு வாய்ப்பூட்டா? இதற்கு ஒரு படிப்பு, ஒரு பட்டம், ஒரு சுழல் நாற்காலி!

பெரியப்பாவும் போனில் இதையேதான் சொன்னார். அவரும் நானும் ஒரே கட்சி. வெட்கக்கேடு.

மார்ச் 14
"ஏய் குரங்கு, எதிர்வீட்டு மீசை இன்னும் வெளிய வர்றாரா?" சோபாவில் சாய்ந்தபடி அக்கா கேட்டாள். தினமும் அவர் காலிங் பெல்லை அடித்துவிட்டு நான் ஓடுவது அவளுக்குத் தெரியும்.

"எங்க? மொத நாள் துண்டோட ஓடி வந்தாரு. இப்ப வயரையே பிடுங்கிட்டாரு. அடிச்சா சத்தமே இல்ல."

"ஒரு வாரம் சும்மா இரு. அப்புறம் அடி."

"எதுக்கு?"

"டாக்டர் சொன்னது சரியான்னு பாக்கத்தான்டீ."

மீசையை வைத்து மருத்துவ ஆராய்ச்சி! இவளுக்கு மூளையிலும் கட்டி — இல்லை. இல்லை. இதை எழுதியிருக்கவே கூடாது.

மார்ச் 18
சும்மா இருக்கிறேன். கை அரிக்கிறது.

மார்ச் 21
அடித்தேன். கணகணவென்று ஒலித்தது. வயரை மறுபடி மாட்டியிருக்கிறார், மடையர்! கதவு படாரென்று திறந்தது. முகமெல்லாம் சோப்பு நுரை, மீசை மட்டும் தீவு மாதிரி. எங்கள் கதவு இடுக்கில் அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர்வாசல் வரைகூட இப்போது அவளால் நடக்க முடியாது.

"மாத்திரை எடுத்துக்கறேன்னு அம்மாகிட்ட சொல்லிடு."

"மீசையை நம்பியா? அவர் என்ன கட்டியா?"

"வேற யாரை நம்பச் சொல்றே? பொடியையா?"

அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

மே 30
ஸ்கேனைப் பார்த்துத் தூங்குமூஞ்சி முதல்முறையாகச் சிரித்தார். பல்வரிசை கோணல். பெரியப்பா எல்லாம் தன் பொடியின் மகிமை என்கிறார். செருப்பைக் கேட்டால் சொல்லும்.

ஜூலை 9
எங்கள் வீட்டு பெல் அடித்தது. திறந்தேன். யாருமில்லை. மாடிப்படியில் தடதடவென்று யாரோ இறங்கும் சத்தம். கொஞ்சம் மூச்சிரைப்பு. அப்புறம் அடக்க முடியாத சிரிப்பு. படியில் அக்காவின் ஒற்றைச் செருப்பு.

அடித்துவிட்டு ஓடுகிறவள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டாமா? இதுகூடத் தெரியவில்லை. தண்டம்.