அடுப்பில் போட்ட கல்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? மூட்டு வலி குறைந்ததா? காரியம் ஆக வேண்டும் என்றால்தான் இவன் குழைவான் என்று நீ சொல்வது இங்கே கேட்கிறது. உண்மைதான். வருஷா வருஷம் நீ தார் ஊற்றியும் மூடாத சாலை வெடிப்பு இருக்கிறதே, அது மலையையே இரண்டாக்கிய பிளவு. அதன் வீட்டுப் பக்கம் ஒரு கல், எதிர்ப்பக்கம் ஒரு கல் உடைத்து அனுப்பு. உள்ளே உப்புத்தூள் அளவில் படிகங்கள் இருக்கும். பூமிக்கடியில் வெந்து கிடக்கும்வரை அவற்றுக்கு வயதே ஏறாது. மேலே வந்து ஆறிய பிறகுதான் ஏறும். அதை அளந்தால் மலை எழுந்த கதை தெரியும். நெருப்பு மட்டும் படக் கூடாது. பட்டால் வயது அழிந்துவிடும்.

இந்த வருஷமும் லீவு இல்லை. கோபிக்காதே.

உன் தம்பி

மார்ச் 29

அன்புத் தம்பிக்கு,

கல் இரண்டும் அனுப்பியிருக்கிறேன். சாலைக் குழுவுக்கு மேஸ்திரியாகி இத்தனை வருஷம், அந்த வெடிப்புக்காகத் தார்க்காரனைத் திட்டித் தீர்த்தேன். மலை செய்ததற்கு அவன் என்ன செய்வான், பாவம்? நேற்று ஆட்களை அனுப்பிவிட்டு வெடிப்பின் இரண்டு பக்கமும் கால் வைத்து நின்றேன். உடம்பு சிலிர்த்துவிட்டது.

அப்பா போனபோது வந்தவன் நீ. எட்டு வருஷம். உன் கட்டிலில் இப்போது என் பூட்ஸ்தான் படுத்திருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஜூன் 11

அக்காவுக்கு,

எதிர்ப்பக்கக் கல்லுக்கு வயது நாற்பது லட்சம் வருஷம். எண்ணைப் பார்த்ததும், பெரியவர் யாரோ உள்ளே வந்ததுபோல எழுந்து நின்றுவிட்டேன். வீட்டுப் பக்கக் கல்லுக்குப் பூஜ்யம். "உங்க வீட்டு மலை போன வாரம்தான் முளைச்சுதா?" என்று ஆய்வகத்தில் கேட்கிறார்கள். என் ஆராய்ச்சியே அந்தக் கல்லை நம்பித்தான் இருக்கிறது. சுற்றிய காகிதத்தில் கரி ஒட்டியிருந்தது. உண்மையைச் சொல்.

தம்பி

ஜூன் 25

தம்பிக்கு,

அடுப்பில் போட்டேன். சாயங்காலம் முழுக்க விறகு தள்ளிக்கொண்டே இருந்தேன். நல்ல கல் தபாலிலேயே வந்துவிட்டால் நீ எதற்கு வரப் போகிறாய்? ஒன்றை மட்டும் ஒழுங்காக அனுப்பினேன், உனக்கு ஆசை வர வேண்டுமே. உன் வேலையில் கை வைத்தது தப்பு. வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயார், ஆனால் நேரில் வந்து திட்டு.

அக்கா

நவம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

ஆகஸ்டில் திட்ட வந்தவன், நான்கு நாள் உன் கையால் சாப்பிட்டு, திட்டவே மறந்து திரும்பிவிட்டேன். அப்போது வீட்டுப் பக்கம் நாம் இருவரும் உடைத்த கல்லுக்கு வயது பத்து லட்சம். எதிர்ப்பக்கக் கல் ஏறி வந்த அதே தூரத்தைக் கால்வாசிக் காலத்தில் ஏறிவிட்டது, அதாவது நான்கு மடங்கு வேகத்தில் நம் பக்கம் எழுந்திருக்கிறது. கணக்குப் பார்த்தால், நீ பிறந்ததிலிருந்து இந்த மலை வீட்டையும் உன்னையும் சேர்த்து அரைச் சாணுக்கு மேல் தூக்கியிருக்கிறது. அதற்குள் ஒரு தட்டுகூட அலமாரியிலிருந்து விழவில்லை.

நீ அடுப்பில் போட்ட கல்லை நான் எறியவில்லை. மேசையில் வைத்திருக்கிறேன். அது ஆறிய அன்றிலிருந்து அதற்கு மறுபடி வயது ஏறுகிறது. எந்தக் கருவிக்கும் எட்டாத அளவு, ஆனாலும் ஏறுகிறது. வரும் மார்ச்சில் ஒரு வயது நிறையும். அதையும் எடுத்துக்கொண்டு வருகிறேன், லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. கட்டிலிலிருந்து பூட்ஸை எடுத்துவிடு.

உன் தம்பி