சில்லில் கீறிய பெயர்

இன்று ஆபீஸிலிருந்து வந்தபோது சாப்பாட்டு மேஜையில் உடைந்த பூந்தொட்டிச் சில்லு ஒன்று கிடந்தது. அதில் ஆணியால் கீறியிருந்தது என் பெயர். மகளுக்கு ஆறாம் வகுப்பில் கிரேக்க வரலாறு நடக்கிறது. பழைய ஏதென்ஸ்காரர்கள் மாதிரி சில்லில் பெயர் எழுதி, யாரை ஊரைவிட்டு அனுப்புவது என்று நாளை வகுப்பில் ஓட்டெடுப்பாம். "ஐ வாஸ் ஜஸ்ட் ப்ராக்டிஸிங், அப்பா" என்றாள். நீ வேலை இழந்து ஊர் திரும்பியபோது அவளுக்கு ஒரு வயது. நீ இறந்தே இப்போது மூன்று மாதமாகிறது. இருந்தும் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பத்து வருடத்துக்கு முன் ஃப்ரீமான்டிலிருந்து தினமும் ஒரே காரில் ஆபீஸுக்குப் போவோம். நான் ஓட்டுவேன், நீ பேசுவாய். மாரத்தான் போரில் ஆரம்பிப்பாய். பாரசீகக் கப்பல்கள் சலாமிஸ் ஜலசந்தியில் மாட்டிக்கொண்டு முழிக்கும்போது நாமும் ஃப்ரீவேயில் மாட்டிக்கொண்டிருப்போம். "ப்ரோக்ராம் எழுதத்தான்டா உன்ன கூட்டிட்டு வந்தாங்க" என்று கேலி செய்வேன். "ஏதென்ஸே எரியுது, நீ ரோட்ட பாரு" என்பாய்.

ஏதென்ஸ் தலைவர் அரிஸ்டைடீஸின் கதையையும் அந்தக் காரில்தான் சொன்னாய். "குத்தம் எதுவும் பண்ணியிருக்க வேணாம்டா. பானைச் சில்லுல உன் பேரு நெறைய வந்தா போதும், பத்து வருஷம் ஊருக்கு வெளிய." எழுதத் தெரியாத ஒருவன், ஆள் யாரென்று தெரியாமல் அரிஸ்டைடீஸிடமே சில்லை நீட்டி, அரிஸ்டைடீஸ் என்று எழுதித் தரச் சொல்கிறான். அவர் உனக்கு என்ன கெடுதல் செய்தார் என்று இவர் கேட்கிறார். ஒன்றுமில்லை, எல்லோரும் அவரை நேர்மையாளர் என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது என்கிறான். இவர் பேசாமல் தன் பெயரை எழுதிக் கொடுக்கிறார். "சரியான லூசு" என்றேன். நீ கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய்.

அடுத்த மாதமே ஆள் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. இருவருக்குமே விசா அந்தக் கம்பெனியின் கையில் இருந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, தேவைப்பட்டால் உன் வேலையையும் சேர்த்துப் பார்க்க முடியுமா என்று கேட்டார். "நோ ப்ராப்ளம்" என்றேன். கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டேன். மேலதிகாரி எதைக் கேட்டாலும் நாமெல்லோரும் சொல்லும் பதில் அதுதானே. சீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் அவர் என்ன கேட்டார் என்பதே உறைத்தது. அன்று காரில் உன்னிடம் எதையும் சொல்லவில்லை.

இரண்டு வாரத்தில் உன்னை அனுப்பினார்கள். கடைசி நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து உன் ப்ரோக்ராம்களை ஒவ்வொன்றாக எனக்கு விளக்கினாய், எங்கெங்கே சறுக்கும் என்று கைப்பட எழுதியும் கொடுத்தாய். ஏர்போர்ட்டில் "குழந்தைய பாத்துக்கடா" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பாரசீகர்கள் மறுபடி படையெடுத்ததும் அரிஸ்டைடீஸைப் பத்து வருடம் முடியும் முன்பே ஏதென்ஸ் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. உன்னை யாரும் கூப்பிடவில்லை. கோயம்புத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் காலத்தை ஓட்டினாய்.

போன மாதம் உன் மனைவி கீதாவுக்குப் போன் செய்தேன். பத்து வருடம் மென்று விழுங்கியதை ஒருவழியாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"அவரயும்தாங்க மேனேஜர் கூப்ட்டு கேட்டாரு, உங்க வேலைய சேத்து பாக்க முடியுமான்னு. முடியாதுன்னு சொல்லிட்டாராம். உங்களுக்குத் தெரியும்னு இல்ல நெனச்சேன்."

என் வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடியவன் நீ. உன்னால் முடியாதென்று எப்படிச் சொன்னாய்? பயமாக இல்லையா? அன்று முதல் இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது 2001, கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்கின்றன. ஆள் குறைக்க மறுபடி பட்டியல் போடுகிறார்கள். நேற்று இப்போதைய மேனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். என் டீமில் பிரகாஷ் என்று ஒரு பையன், திருப்பூர்க்காரன். விசாவில் இருக்கிறான், மனைவிக்கு இது ஏழாம் மாதம். அவன் வேலையையும் சேர்த்துப் பார்க்க முடியுமா என்று கேட்டார். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது அந்தப் பழைய பதில். எனக்கு க்ரீன் கார்டு இருக்கிறது, வேலை போனாலும் நாட்டைவிட்டுப் போகச் சொல்ல மாட்டார்கள். அவனைச் சொல்வார்கள். இதை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிக்கொண்டேன். பிறகு "முடியாது" என்றேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு முன்னாலிருந்த தாளில் ஏதோ எழுதினார்.

பட்டியல் நாளைக்கு வருகிறது. என் மனைவி சுமதியிடம்கூடச் சொல்லவில்லை. முதலில் உன்னிடம்தான் சொல்கிறேன்.