தளபதிக்குத் தெரியுமா?

மல்கிரேவ், மெல்பேர்ண்
9 பெப்ரவரி 2025

அன்புள்ள ப்ரீத்தி,

நீர் நலமாக இருக்கிறீரா? என்னைத் திருப்பிக் கேட்க வேண்டாம். என் மகள் மிருணாளினியின் செத்தவீட்டுக்கு சிட்னியிலிருந்து வந்து, என் குசினியில் நின்று கோப்பை கழுவிவிட்டுப் போனீர். அன்று நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தொலைபேசியில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று அவளுடைய அறையை ஒதுக்கினேன். அவள் ஓயாமல் பார்க்கும் அந்த ஜப்பானிய மேடை நாடக டி.வி.டி. தட்டுகள் இருந்தன. இரண்டு பெட்டிகளில் ஒரே நாடகம், அட்டையில் முகங்கள் மட்டும் வேறு. தவறுதலாக இரண்டு வாங்கிவிட்டாளோ என்று நினைத்தேன். பிறகுதான் உங்கள் வாக்குவாதம் ஞாபகம் வந்தது. லிட்கமில் உம்மோடு ஒரே வீட்டில் இருந்த காலத்தில் தொடங்கியது. இங்கே வந்த பிறகும் தொலைபேசியில் ஓயவில்லை. "அம்மா, இந்த ப்ரீத்திக்கு மண்டையில ஒண்டும் ஏறாது" என்று சிரித்துக்கொண்டு வந்து சொல்வாள்.

அது என்ன வாக்குவாதம்? நான் படிப்பிக்கும் வகுப்பில் ஒரே பாட்டை இரண்டு பிள்ளைகளிடம் கொடுத்துச் சொல்லச் சொல்வேன். ஒருத்தி வாயில் அது தாலாட்டாகும், மற்றவள் வாயில் ஒப்பாரியாகும். அப்படி ஏதோ என்று ஊகிக்கிறேன். மீதியை நீர் சொல்லும். இரண்டையும் பார்க்கப் போகிறேன்.

அன்புடன்,
சத்தியபாமா


லிட்கம், சிட்னி
23 பிப்ரவரி 2025

அன்புள்ள ஆன்ட்டி,

உறையைப் பார்த்ததும் மிருவே எழுதியதோ என்று நினைத்துவிட்டேன். மிருவின் 'ழ' அப்படியே உங்களுடையது.

முதலில் ஒரு வேண்டுகோள். 'நீர்' வேண்டாம். கோயம்புத்தூர்க்காரிக்கு அது ஹெட்மாஸ்டர் அறைக்குக் கூப்பிட்ட மாதிரி இருக்கிறது. 'நீ' போதும்.

அந்த மேடையில் எல்லா வேடமும் பெண்களுக்குத்தான். ஆண் வேடக்காரர்கள் கடைசிவரை ஆண் வேடமே போடுவார்கள். அவர்களைப் பார்க்கத்தான் கூட்டம் வரும். ஒரே நாடகத்தைச் சில வருடம் கழித்து வேறொரு குழு போடும். வசனமும் பாட்டும் அதேதான், நடிப்பவர்தான் மாறுவார். ஒப்பிட்டுச் சண்டை போடுவதுதான் ரசிகர்களுக்கு விருந்து.

கதையில் ஒரு தளபதி கோட்டையைக் காக்கப் போகிறான். காதலி கிளாராவிடம், "வசந்தத்தில் வந்துவிடுவேன்" என்கிறான். கோட்டையிலேயே செத்துப்போகிறான். பழைய தட்டில் நெட்டையாக இருப்பவர் அந்த வசனத்தை அவள் கண்ணைப் பார்த்துச் சிரித்தபடி சொல்வார். புதியதில் வருபவர் குனிந்து கையுறைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, பால் வாங்கப் போகிறவர் மாதிரி சொல்வார். "அவனுக்குச் சாகப்போறது தெரியும். அவளுக்காகப் பொய் சொல்லுறான். பழைய ஆள்தான் சரி" என்பாள் மிரு. "அவனுக்குத் தெரியாதுடி. நெஜமாவே வரணும்னு நினைக்கிறான். புது ஆள்தான் சரி" என்பேன் நான்.

இன்னொரு சண்டையும் உண்டு. கதை முடிந்ததும் எல்லோரும் இறகு கட்டிக்கொண்டு, பெரிய படிக்கட்டில் பாடியபடி இறங்கி வருவார்கள். கதையில் செத்தவர்களும்தான். மிரு அதற்கு முன்பே அணைத்துவிடுவாள். "செத்தவன் எப்பிடியடி படியில இறங்குவான்?" நான் ரிமோட்டைப் பிடுங்குவேன்.

போகட்டும் ஆன்ட்டி. போன வாரம் மறுபடி பார்த்தேன். மிரு சொன்னதுதான் சரி. நான் ஒப்புக்கொள்கிறேன்.

என்றும் உங்கள்,
ப்ரீத்தி


மல்கிரேவ்
30 மார்ச் 2025

அன்புள்ள ப்ரீத்தி,

'நீர்' என்று கை பழகிவிட்டது. இப்போதைக்குப் பொறுத்துக்கொள்ளும்.

உம்மில் எனக்குக் கோபம். செத்துப்போனாள் என்பதற்காக அவளுக்கு மார்க் போடாதேயும். நீரும் விட்டுக்கொடுத்துவிட்டால், அவளோடு சண்டை பிடிக்க இந்த உலகத்தில் ஒருவருமில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். அந்த வியாழக்கிழமை பின்னேரம், மறுநாள் சத்திரசிகிச்சை என்று அவளை வார்டில் விட்டுவிட்டுப் புறப்பட்டேன். "ஞாயிறு வந்திடுவன் அம்மா. தோசைக்கு உழுந்து ஊறப் போட்டு வையுங்கோ" என்றாள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஊறப் போட்டேன். வெள்ளிக்கிழமை அவள் கண் விழிக்கவில்லை.

இப்போது இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்க்கிறேன். நெட்டைப் பெண் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வார்டு வருகிறது. தளபதிக்குத் தெரியும் என்று அவள் அத்தனை பிடிவாதமாகச் சொன்னாளே, அவளுக்கும் தெரியுமா? உம்மிடம் ஏதாவது சொன்னாளா? மறைக்காமல் எழுதும். எந்தப் பதிலையும் தாங்குவேன். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்புடன்,
சத்தியபாமா


லிட்கம்
18 மே 2025

அன்புள்ள ஆன்ட்டி,

தாமதத்துக்கு மன்னியுங்கள். எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன்.

அவளுக்குத் தெரியும். பிழைப்பது அரிது என்று டாக்டர் அவளிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் புறப்பட்டுப் போனதும் எனக்குப் போன் செய்தாள். "அம்மாட்டச் சொல்லாத. அவ இண்டைக்கு நிம்மதியாப் படுக்கட்டும்" என்றாள். சரி என்றேன். இன்று அந்த வாக்கை உடைத்துவிட்டேன். நீங்கள் கேட்ட பிறகு என்னால் பொய் சொல்ல முடியவில்லை, மிரு மாதிரி எனக்கு நடிக்க வராது.

ஆனால் நாடகத்தில் விட்டுக்கொடுத்ததைத் திரும்பப் பெறுகிறேன். தளபதிக்குத் தெரியாது. புது ஆள்தான் சரி. மிரு எழுந்து வந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

நவம்பரில் ஜப்பானில் மூன்றாவதாக ஒரு குழு இதே நாடகத்தைப் போடுகிறது. மிருவும் நானும் போவதாக இருந்தது. அவளுடைய இடத்தில் நீங்கள் வருவீர்களா?

ப்ரீத்தி


மல்கிரேவ்
15 யூன் 2025

அன்புள்ள ப்ரீத்தி,

உன்னைக் கோபிக்க ஒன்றுமில்லை. அவளும் உன்னை இரண்டு ஏச்சு ஏசிவிட்டுச் சிரித்திருப்பாள்.

நீங்கள் இருவரும் அந்த ஆண் வேடக்காரியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். எனக்கு மொழி விளங்காததால் கண் சும்மா அலைந்தது. நான் கிளாராவைப் பார்த்தேன். பழைய தட்டில் வரும் கிளாரா அவனை நம்புகிறாள். முகமெல்லாம் மலர்ந்து கையாட்டுகிறாள். புதியதில் அப்படியில்லை. அவன் குனிந்து பொத்தான் போடும்போது, அவனை உச்சியிலிருந்து கால்வரை ஒருமுறை பார்க்கிறாள். அவன் நிமிர்ந்ததும் சட்டென்று சிரித்துத் தலையாட்டுகிறாள். நீ சொல்வது போல அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவளுக்குத் தெரியும்.

அதைப் பார்த்தபோதுதான் என் கை செய்த வேலை எனக்கு விளங்கியது. ஞாயிற்றுக்கிழமைத் தோசைக்கு யாராவது வியாழக்கிழமை உழுந்து ஊறப் போடுவார்களா? எத்தனை வருடம் தோசை சுட்டவள் நான். சனிக்கிழமை வரை பொறுத்தால், அவள் கேட்ட அந்த ஒரு காரியத்தை அவள் இருக்கும்போது செய்ய முடியாமற் போய்விடும் என்று பயந்திருக்கிறேன். ஆனால் வார்டில் அவளிடம், "ஓம் பிள்ளை, போடுறன், நீ வா" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் நம்பியிருப்பாள். நாங்கள் இருவரும் நன்றாகத்தான் நடித்திருக்கிறோம்.

ஜப்பானுக்கு நான் வரவில்லை. அவளுடைய கதிரையில் உன் கைப்பையை வை. எல்லோரும் தளபதியைப் பார்க்கட்டும். நீ கிளாராவைப் பார். அவன் அந்த வசனத்தைச் சொல்லும்போது அவள் கை எங்கே இருந்தது என்று எனக்கு எழுது. வேறொன்றும் வேண்டாம்.

நேற்று, உன் பேச்சைக் கேட்டு, படிக்கட்டு வரும்வரை அணைக்காமல் இருந்தேன். தளபதி வெள்ளை இறகோடு பாடிக்கொண்டு இறங்கி வந்தான். கிளாரா கீழே நின்று, ஒன்றும் நடக்காதது போல அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவன் கடைசிப் படிக்கு வருவதற்கு முன் அணைத்துவிட்டேன். நானும் யாருக்கும் சும்மா மார்க் போடுகிறவள் அல்ல, ப்ரீத்தி. ஆனால் இந்தப் படிக்கட்டுச் சண்டையில் மிருணாளினி சொன்னதுதான் சரி.

உன்
அன்ரி