மாதாமாதம் வரும் ரொட்டி

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. தலை நரைக்கத் தொடங்கிவிட்டாலும் எனக்கு நீ பாப்பாதான். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நானாகவே வைத்துக்கொண்டேன். நீ அனுப்பும் ரொட்டிப் பெட்டி வந்து சேர்ந்ததென்று உனக்குச் செய்தி வந்துவிடுகிறதாம், அதனால் போன் பண்ணத் தோன்றுவதில்லை போலிருக்கிறது.

நீ வாங்கி அனுப்பிய ஃபிரீசர் நன்றாக ஓடுகிறது. உன் கட்டில் கிடந்த இடத்தில்தான் வைத்திருக்கிறோம், வேறு எங்கும் பிளக் எட்டவில்லை. மாதம் பிறந்தால் ரொட்டிப் பெட்டி வாசலுக்கு வந்துவிடுகிறது. நீ எழுதி அனுப்பிய குறிப்பை அப்பா கதவில் ஒட்டி வைத்து அதன்படியே செய்கிறார், துண்டு போட்டு, நடுவே காகிதம் வைத்து, பையிலிருந்து காற்றைப் பிதுக்கி, மேலே தேதி எழுதி அடுக்குகிறார். பஸ் ஓட்டிய காலத்தில்கூட மனுஷன் இவ்வளவு பயந்து வேலை செய்ததில்லை. காலையில் இரண்டு துண்டை எடுத்துச் சூடு பண்ணினால் நேற்று வாங்கியது போலவே இருக்கிறது, பூசணம் இல்லை, ரொட்டியைக் குறை சொல்ல முடியாது. குறை வேறு.

முன்பு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாதா. அரை ரொட்டிதான் வாங்குவோம். பிளாஸ்டிக் பையில் போட்டால் வேர்த்துப்போய் மேல்தோல் நமுத்துவிடும் என்று நான் பருத்தித் துணியில் சுற்றி, வெட்டிய பக்கத்தைப் பலகையில் கவிழ்த்து வைப்பேன், காகிதப் பைதான் நல்லது என்று அப்பா என்னோடு மல்லுக்கு நிற்பார். எப்படி வைத்தாலும் மறுநாள் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும், மறுபடி வாங்க வேண்டும். அந்தச் சாக்கில்தான் அவர் காலையில் சவரம் செய்து சட்டை மாற்றி மூன்று மாடி இறங்குவார். ரொட்டிக் கடைக்காரம்மா, என்ன டிரைவர் சார் இன்னிக்கு வண்டி லேட்டு, என்பாளாம். முடிதிருத்துபவரும் இவரும் வரிசையில் நின்று ஊர்க்கதையெல்லாம் அலசிவிட்டு, ரொட்டி ஆறிப்போன பிறகு வந்து சேருவார், நான் திட்டுவேன். இப்போது நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. தாடி மண்டிக் கிடக்கிறது. முட்டி பிடித்துக்கொண்டுவிட்டது, குளியலறைக்குப் போகவே சுவர் வேண்டியிருக்கிறது. நடக்க விடாமல் உட்கார வைத்திருக்கிறீர்களே என்று டாக்டர் என்னைத்தான் சத்தம் போடுகிறார், உன்னையா போட முடியும். அவர் சிரமப்படக் கூடாது என்று நினைத்தாய், அவருக்கு மிச்சமிருந்த ஒரே வேலையைப் பறித்துக்கொண்டாய். கோபமாகத்தான் எழுதுகிறேன்.

போன மாதக் கடைசியில் பொறுக்க முடியாமல் ஃபிரீசரின் பிளக்கைப் பிடுங்கி விட்டேன். ரொட்டியெல்லாம் தண்ணீர் விட்டுச் சொதசொதவென்று ஆயிற்று. இனியாவது கடைக்குக் கிளம்புவார் என்று பார்த்தேன். அவர் ஒவ்வொரு துண்டாக எடுத்து ஜன்னலோரம் வெயிலில் பரப்பி, அதையே இரண்டு மூன்று நாள் மென்று தின்றார். பாப்பாவிடம் சொல்லி இந்த எழவை நிறுத்துகிறேன் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். நிறுத்தச் சொல்லாதே, பெட்டி குடுக்கும்போது கையெழுத்து வாங்குறாங்கல்ல, அது அவ போனுக்குப் போகுமாம், மாசத்துக்கு ஒரு தடவையாவது எம்பேரைப் பாக்குறா, அதையும் கெடுத்துடாதே, என்றார். ஒரு கிறுக்கல் போதும் என்று பெட்டிக்காரர் சொன்னாலும் இவர் அந்தச் சின்னத் திரையில் விரலால் முழுப் பேரையும் எழுதுவது இதற்குத்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அதனால் பெட்டியை நிறுத்து, ஆனால் அவரோடு பேசாமல் நிறுத்தாதே. முதலில் போன் பண்ணு, கடையில் இன்று என்ன பேசினீர்கள் என்று கேட்க அடிக்கடி கூப்பிடுவேன் என்று சொல், சொன்னபடி கூப்பிடு, அப்புறம் நிறுத்து. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். உனக்கும்தான், என் கோபம் உன்னை ஒன்றும் செய்யாது, நீ நன்றாகத்தான் இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இந்த மாதப் பெட்டி வந்தபோது அப்பா குளித்துக்கொண்டிருந்தார், நான்தான் கையெழுத்துப் போட்டேன். பேரை எழுதவில்லை, அம்மாவுக்குப் போன் பண்ணு என்று எழுதினேன். பத்து நாளாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நீ அதையெல்லாம் திறந்து பார்ப்பதில்லை என்று நான் அவரிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா