அந்தோணியின் நீலம்

சிங்கப்பூர், 12.3.79, திங்கள்
காலையிலிருந்து மழை. ஜூரோங் பஸ்ஸில் குடை தொலைந்தது. லேப்பில் அந்தோணி, சர்ச் பாட்டு முணுமுணுப்போடு. பாய்லர் தண்ணீர் சாம்பிள் எல்லாம் அதற்குள் முடிச்சுட்டானாம். ஈபிடி என்கிற நிறங்காட்டிப் பொடி போட்டால் நல்ல தண்ணீர் நீலம். சுண்ணாம்பு இருந்தால் ஒயின் சிவப்பு. அது நீலமாகும்வரை பியூரெட் குழாயிலிருந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கணும். அந்தோணி துரைக்கு மட்டும் எல்லாமே முதலிலேயே நீலம். சோம்பேறி.

வாங்க: டூத்பேஸ்ட், குடை.

14.3, புதன்
புழுக்கம். சிராங்கூன் ரோடு லாண்டரியில் பாய்லர் குழாய் வெடித்துவிட்டது. பாய்லர் பார்க்கிற காதர் பாய்க்கு வலது கை முழுக்க நீராவிக் காயம். எங்க லேப் மானேஜர் லாண்டரிக்குப் போனில்: "எங்க ரிப்போர்ட்ல தண்ணி கிளீன்லா. உங்க ஆளுதான் கவனிக்கலை." சிரிப்பு வேறு. தூ.

லாண்டரி சாம்பிள் பாட்டிலில் மிச்சம் இருந்தது. நானே பொடி போட்டுப் பார்த்தேன். சிவப்பு. பச்சைக் குழந்தைகூடச் சொல்லும். சுண்ணாம்பு படிந்துதான் குழாய் வெடித்திருக்கு.

15.3, வியாழன்
அந்தோணி முன்னால் இரண்டு குடுவை. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம்.
"எது நீலம்?"
குடுவையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான்.
"ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுதுக்கா. ஸ்கூல்லேருந்தே இப்படித்தான். சொன்னா வேலை போயிடும்லா."
"காதர் பாய்க்குக் கை வெந்துபோச்சுடா."
அழுதான். அழட்டும். சோம்பேறி இல்லை, கோழை. அது இன்னும் கேவலம்.

மானேஜரிடம் சொன்னேன். "ரிப்போர்ட் போயாச்சு மிஸ், பெரிசு பண்ணாதீங்க." முதுகெலும்பு இல்லாத ஆளுக்குச் சுழல் நாற்காலி.

16.3, வெள்ளி
வெயில். தண்ணீர்ச் சோதனையின் சரியான முடிவைத் தாளில் எழுதி, என் கையெழுத்தைப் போட்டு, வேலைக்குப் போகாமல் நேரே லாண்டரி. அந்தோணி மெடிக்கல் லீவு போட்டு வீட்டில் படுத்திருப்பான் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே.

அங்கே உட்கார்ந்திருந்தான். எனக்கு முன்னாடியே.

காதர் பாய், கட்டுப்போட்ட கை மடியில்: "தம்பி எல்லாம் சொல்லிடுச்சும்மா. மொதலாளிகிட்டயும்."

அந்தோணி தலையைத் தூக்கவில்லை.

லாண்டரி முதலாளி என்னிடம், "அப்ப நீங்க எதுக்கு வந்தீங்க?"

தாளை நீட்டினேன்.
"அவர் சொன்னது உண்மைன்னு சொல்ல."