பி.பி. பார்க்கும்போது நீ கேட்ட கேள்வி

என் வம்புக்கார நாத்தனாரே, லலிதா,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. படையலுக்கு மணப்பாறை முறுக்கு வைக்க வேண்டும் என்று உன் அண்ணன் இப்போதே சொல்லிவிட்டார். அதற்கு முன்னால் உனக்கு ஒரு நல்ல சேதி. ஊரே படித்தாலும் படிக்கட்டும், உன்னிடம் சொல்லாமல் எப்படி இருப்பேன்?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்தபோது, பெண்களின் கையில் பி.பி. பட்டையைச் சுற்றிய பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்பாய். அவர்களால் எழுந்து ஓட முடியாது. நீயும் முகத்தைப் பார்க்காமல் மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பாய். என்னையும் விட்டாயா?

"அண்ணி, ராத்திரியில உங்களுக்கும் சந்தோஷமா இருக்கா? இல்ல அண்ணன் தூங்கினப்புறம் விட்டத்தைப் பாத்துட்டுப் படுத்திருக்கீங்களா?"

"அடிப்பாவி, அவரு உன் கூடப்பிறந்தவருடி!"

"அதை விடுங்க. உங்க உடம்புதானே? டாக்டர்கிட்ட கேளுங்க."

எங்கே கேட்டேன்? பெண்ணுக்கும் உச்சம் என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு வதந்தி மாதிரிதான். மாதவிலக்கு நின்றபின் வலியும் சேர்ந்துகொண்டது. உன் அண்ணன் பக்கத்தில் வந்தாலே தலைவலி என்பேன். தன்னை எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்து, பாவம், அவர் ஹாலில் படுக்க ஆரம்பித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன மாதம் சுகர் மாத்திரை வாங்கப் போனேன். உன் இடத்தில் ஒரு சின்னப் பெண். பட்டையைச் சுற்றியதும் உன் ஞாபகம் வந்து நானே வாயைத் திறந்துவிட்டேன்.

"சிஸ்டர், எனக்கு அந்த சந்தோஷம் வந்ததே இல்ல. இப்ப வலி வேற."

"பேசாதீங்கம்மா, பி.பி. ஏறுது!"

வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நல்லவேளை, அந்தப் பெண் கதவைச் சாத்திவிட்டு டாக்டரம்மாவைக் கூட்டி வந்தாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன், எங்கே வலிக்கிறது என்று விசாரித்துப் பரிசோதித்தார். "நிறைய பேருக்கு இருக்கும்மா. சொல்றவங்கதான் கம்மி" என்றார். வறட்சிக்கு ஒரு க்ரீம் கொடுத்தார். அவசரப்படாமல், எனக்கு எது பிடிக்கிறது என்று நானே தெரிந்துகொண்டு உன் அண்ணனிடமும் சொல்லச் சொன்னார்.

அடுத்த முறை உன் அண்ணனையும் அழைத்துப்போனேன். வேர்த்துக் கொட்டியது அவருக்கு. திரும்பி வரும்போது பஸ்ஸில் மெதுவாகக் கேட்டார்.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

"இப்ப கேக்கறேன், சொல்லு."

உறையூர் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு எதைச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை முக்கொம்புக்குப் போய், ஆற்றைப் பார்த்து உட்கார்ந்து சொன்னேன். அன்றைக்கே ஹால் படுக்கையைச் சுருட்டிவிட்டார்.

போன வாரம் ஒரு மத்தியானம், பிள்ளைகள் ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போயிருந்தார்கள். வந்தது, லலிதா! எனக்குச் சிரிப்புதான் வந்தது. அடக்கவே முடியவில்லை. உன் அண்ணன் பயந்துபோய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அப்புறம் இரண்டு பேரும் சிரித்தோம். உன்னிடம் சொல்லப் போனை எடுத்தேன். அப்போதுதான் அழுகை வந்தது.

நேற்று அதே பெஞ்சில், ஓயாத தலைவலி என்றாள் பக்கத்தில் இருந்தவள். பட்டை ஏது என்னிடம்? அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நீ கேட்டதையே கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் கையை உருவிக்கொள்ளவில்லை.

அவள் பேசும்வரை விடமாட்டேன், இது உனக்கு நான் தரும் வாக்கு.

இன்னும் சிரித்து முடிக்காத,
உன் அண்ணி வசந்தா